பாதி மழை கேட்கிறவள்

"அந்தக் கறுப்பு... அது எனக்கு!"

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில்... இரண்டு கைகள் ஒரே பெட்டியின் மேல்!

நாகவல்லி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எதிரே நின்றவனும் இழுத்துக்கொண்டான். மழையில் ஓடி வந்திருப்பான் போல. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு துளி இறங்கி, புருவத்தில் தயங்கி, கண்ணோரம் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

'என்ன கண்ணு இது... பாதித் தூக்கத்துல எழுந்து வந்த மாதிரி!' என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கண்களிலிருந்து பார்வையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பூந்தமல்லியில் நஜீர் பாயின் கடை. கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபயர்கள், கச்சேரிக்காரர்களின் கீபோர்டுகள் எல்லாம் வாய் பிளந்து கிடக்கும் சின்ன ரிப்பேர் கடை. யாரோ ஒருவர் வெளிநாடு போகும்போது தன் மாடுலர் சிந்தசைசரை அங்கே போட்டுவிட்டுப் போயிருந்தார். தனித்தனிப் பெட்டிகள்... ஒன்று சத்தத்தை உண்டாக்கும், ஒன்று அதைச் செதுக்கும். வயர்களால் இணைத்து இணைத்து வேண்டிய ஓசையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எல்லாம் விலை போய்விட்டன. மிச்சம் இருந்தவை, சத்தத்தைச் செதுக்கும் இரண்டே ஃபில்டர்கள். வெள்ளி முகப்பு ஒன்று, கறுப்பு முகப்பு ஒன்று.

"இன்னாம்மா இது? இத்தினி நாளா இந்த டப்பாவ ஒருத்தரும் சீண்டல. இன்னிக்குப் பாத்து ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கீறீங்க!" நஜீர் பாய் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார்.

"நான் முதல்லயே ஃபோன் பண்ணிச் சொன்னேன் பாய்," என்றான் அவன்.

"நான் முதல்ல கை வெச்சேன்," என்றாள் இவள்.

"கை வெச்சா சொந்தமாயிடுமாங்க? அப்ப நான் பாயோட கல்லாவுல கை வைக்கட்டுமா?"

"வெச்சுப் பாருங்க... பாய் சால்டரிங் கம்பிய எங்க வைப்பாருன்னு அப்புறம் தெரியும்!"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"வெள்ளி முகப்பும் நல்ல ஃபில்டர்தாங்க. சுத்தமா இருக்கும். நீங்க அத எடுத்துக்கலாமே?"

"சுத்தம் வேணாம். எனக்குப் பழைய காலத்து சர்க்யூட்தான் வேணும். மேல இருக்கிற சத்தத்த மறிச்சிட்டு, கீழ இருக்கிறத மட்டும் மெத்துன்னு விடுமே... அந்த ஏணி ஃபில்டர்."

அவன் கண்கள் விரிந்தன. பழைய சர்க்யூட்டைப் பார்த்துப் புதிதாகச் செய்தது அந்தக் கறுப்புப் பெட்டி. டிரான்சிஸ்டர்களை ஏணிப் படிகளாக அடுக்கியிருப்பதால் அந்தப் பெயர். அதைத் தெரிந்த ஒரு பெண்ணைப் பூந்தமல்லியில் மழைக்கு நடுவே சந்திப்போம் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"சரி, ரெண்டையும் போட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க," என்று நஜீர் பாய் கறுப்புப் பெட்டியை ஸ்பீக்கரோடு இணைத்தார்.

நாகவல்லி குமிழைத் திருகினாள். அடிவயிற்றிலிருந்து எழும் முனகல் போல ஒரு ஓசை... ஆகா! இன்னொரு குமிழையும் முழுக்கத் திருப்பினாள். அப்படித் திருப்பினால் அந்த வகை ஃபில்டர் தானே விசிலடிக்கத் தொடங்கும். முதல் குமிழைத் திருகத் திருக விசில் மெல்ல மேலே ஏறியது... ஏறியது... இன்னும் ஏறியது... பிறகு ஒன்றுமில்லை. அமைதி.

"என்ன பாய், சத்தமே வரல? ரிப்பேரா?" என்று திரும்பினாள்.

நஜீர் பாய் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு நின்றார். அவனும் பொத்திக்கொண்டிருந்தான். வாசலில் ஒதுங்கியிருந்த ஆட்டோக்காரர்கூட முகத்தைச் சுளித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

அவள் விரல்கள் குமிழிலேயே உறைந்தன.

ஓ... வருகிறதா? இவர்கள் எல்லோருக்கும் கேட்கிறதா?

குமிழைப் படாரென்று குறைத்தாள். ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"சும்மா... எவ்ளோ நேரம் தாங்குறீங்கன்னு பாத்தேன்."

"அடேங்கப்பா! காது கிழிஞ்சிடுச்சுங்க!" என்று சிரித்தான் அவன். நம்பிவிட்டான்.

முடிவை நஜீர் பாய்தான் சொன்னார். "ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்குங்க. ஒரு வாரம் அவரு, ஒரு வாரம் நீ. சண்டை வந்தா இங்க கொண்டாந்து வெச்சிடுங்க. இன்னா?"

முதல் வாரத்தை அவனுக்கே விட்டுக் கொடுத்துவிட்டு வேகவேகமாக வெளியே வந்தாள். அங்கே நிற்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவளின் முன்னால் மூச்சிரைக்க வந்து நின்றான் அவன்.

"ஏங்க... கடையிலேர்ந்து கத்திக்கிட்டே வரேன். பூந்தமல்லியே திரும்பிப் பாத்துச்சு, நீங்க மட்டும் பாக்கல! நம்பர் கொடுக்காமப் போனா ஃபில்டர எப்படித் தர்றது?"

அவளுக்குத் திக்கென்றது. ஒரு நொடிதான். தலையை நிமிர்த்தினாள்.

"பின்னாலேர்ந்து கூப்புடுற ஆம்பளைங்களுக்கெல்லாம் நான் திரும்பறதில்ல."

"அப்போ முன்னால வந்து கேக்குறேன்... என் பேர் கிரண். உங்க பேர்?"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் அது விழும் தொம் தொம் மட்டும் அவளுக்குக் கேட்டது. முன்பெல்லாம் அதற்கு மேலே இன்னொரு மழை இருக்கும்... பட்டுப்புடவை உரசுவது போல, மெல்லிய சரசரப்பாக. அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது.

* * *

ஆவடியில் அம்மா பொன்னியம்மாவோடு இருந்தாள் நாகவல்லி. அப்பா இல்லை. ஒலிக் கதைகள் வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே சத்தம் சேர்த்துக் கொடுக்கும் வேலை. கதவு திறப்பது, கொலுசு நடப்பது, கிணற்றில் வாளி விழுவது... எல்லாம் அவள் காதும் கையும் செய்கிற மாயம். சில மாதங்களாக அனுப்பியவை திரும்பி வந்துகொண்டிருந்தன. 'ரொம்பக் கூசுது மேடம். கொலுசு சத்தம் காதுல குத்துது.' அவளுக்கோ கொலுசே போதவில்லை. கூட்டிக் கூட்டி வைத்திருந்தாள்.

அம்பத்தூரில் காது டாக்டரிடம் தனியாகப் போய்வந்தாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நெடுநேரம் அமுக்க ஒன்றுமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நரம்பு சம்பந்தப்பட்டதும்மா. மேல் சத்தம் முதல்ல போகும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கீழ வரும். மெஷின் வெச்சுக்கலாம், கொஞ்ச காலம் உதவும்," என்றார் டாக்டர்.

"திரும்ப வராதா சார்?"

அவர் பேனாவை மூடினார். பதில் அதுதான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த ஃபில்டர் ஆசை வந்தது. மேல் சத்தத்தையெல்லாம் தானே மறித்துவிட்டால்... மிச்சம் இருப்பது அவளுக்கும் கேட்கும், மற்றவர்களுக்கும் கேட்கும். யார் காதும் கூசாது. யாரும் அவளைத் திருத்த வேண்டியிருக்காது.

* * *

கிரணுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, வீடு திருநின்றவூரில். வேலை முடிந்து போகிற வழியில் ஆவடியில் இறங்குவான். பிளாட்பார டீக்கடை ஓரம் ஃபில்டர் கை மாறும். மாறிய பிறகும் ஒரு டிரெய்னை விடுவான். அப்புறம் இன்னொன்றை...

"அதான் குடுத்துட்டீங்கல்ல, கிளம்ப வேண்டியதுதானே?"

"அந்த டிரெய்ன்ல கூட்டம்."

"காலியாப் போகுது!"

"காலியாப் போனா பயமா இருக்கும்."

அவன் பேசும்போது அவள் அவன் உதடுகளையே பார்ப்பாள். ஸ்டேஷன் இரைச்சலில் பாதி வார்த்தைகளை அங்கிருந்துதான் பொறுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் அவன் கூச்சத்தோடு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"ஏங்க... மீசையில ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஒ... ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் அப்படிப் பாக்குறீங்க? எனக்கு அடுத்த வார்த்தை மறந்துபோகுது."

அவள் முகம் சிவந்து கீழே குனிந்தாள். குனிந்ததால் அவன் அடுத்துச் சொன்னதை இழந்தாள். என்ன சொல்லியிருப்பான்... அன்று வீடு போகும்வரை அதே நினைப்பு.

அந்த ஃபில்டரை வைத்துத் தான் கட்டிய இசையை அவனுக்குக் கேட்கக் கொடுத்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். அந்தப் பாதித் தூக்கக் கண்கள் திறந்தபோது ஈரமாக இருந்தன.

"எங்க ஊர் ஏரிக்கு அடியில யாரோ உக்காந்து பாடுற மாதிரி இருக்குங்க... என் ஃப்ரெண்டு ஒரு குறும்படம் எடுக்குறான். இத அதுக்குத் தருவீங்களா? ஆனா ஒண்ணு... மேல எல்லாத்தையும் மூடியே வெச்சிருக்கீங்களே. கொஞ்சம் திறங்களேன்."

"முடியாது."

"கொஞ்சமே கொஞ்சம்..."

"மூடினாதான் எனக்கு நிம்மதி. இப்படியே இருக்கட்டும்."

அடுத்தடுத்த சந்திப்புகளிலும் கேட்டான். அடுத்தடுத்த சந்திப்புகளிலும் மறுத்தாள். அது அவர்களுக்குள் ஒரு செல்லச் சண்டையாகவே ஆகிவிட்டது.

சொல்லிவிடலாமா? ஒவ்வொரு முறையும் உதட்டு வரை வரும். அவன் சிரிப்பான். சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும்.

* * *

"மூணு விசில் வந்ததும் அடுப்ப அணைச்சிடுடி," என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா காய் வாங்கப் போனாள்.

நாகவல்லி கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். சமையலறை பத்தடி தூரம். கவனமாகத்தான் காத்திருந்தாள்... முதல் விசில் எங்கே என்று. தீய்ந்த வாடை மூக்கில் ஏறியபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். கையில் பை. விசில் தெருமுனை வரை கேட்டிருக்கிறது.

அம்மா ஓடிப் போய் அடுப்பை அணைத்தாள். வந்து மகள் எதிரே உட்கார்ந்தாள். திட்டவில்லை.

"எத்தனை நாளா வல்லி?"

மடை உடைந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். பொன்னியம்மா மகளின் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, காது மடலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்... தடவினால் சரியாகிவிடும் என்பது போல.

கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. கழுத்துல ஒரு தாலி ஏறுற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். அந்த மெஷினு கிஷினெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அது ஏமாத்துறது இல்லையாம்மா?"

"உன்ன வேணாம்னு ஒருத்தன் எழுந்து போறத என்னால உக்காந்து பாக்க முடியாதுடி..."

அம்மா அழுது அவள் அதிகம் பார்த்ததில்லை. சரி என்று தலையாட்டினாள்.

* * *

அந்த வாரக் கடைசியில் கிரணிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது.

மழைக்கு நடுவே, ஏதோ ஸ்டேஷனில் நின்று பேசியிருக்கிறான். குரலும் தணிந்திருந்தது. ஹெட்ஃபோனில் போட்டாள். சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். அவன் குரலின் அடிப்பகுதி மட்டும் வந்தது... அலையலையாக, இதமாக, வார்த்தையே இல்லாமல். 'அம்மா' என்றான். 'மழை' என்றான். நடுவில் 'திறந்து' என்பது போல ஒன்று. முடிவில் ஒரு கேள்வி. திரும்பத் திரும்பப் போட்டாள். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

யாரிடம் கொடுத்துக் கேட்பது? அவனிடமே 'புரியல' என்று சொல்லலாம். ஏன் என்பான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு... அதற்கும் மேலே அவளுடைய வீம்பு.

திறந்து... அதேதான். மேல் சத்தத்தைக் கொஞ்சம் திறக்கச் சொல்கிறான். வழக்கமான சண்டை.

எழுதி அனுப்பினாள். 'கேட்டேன். அது வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.'

நெடுநேரம் கழித்து பதில் வந்தது. 'சரிங்க.'

அடுத்த வாரம் பிளாட்பாரத்தில் காத்திருந்தாள். அவன் வழக்கமாக வரும் டிரெய்ன் வந்தது. வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவளைப் பார்த்தான். கை உயர்த்த வந்தவள் அந்தப் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். அவன் இறங்கவில்லை. டிரெய்ன் நகர்ந்தது. அவன் முகம் தூரத்தில் சின்னதாகி, மழைக்குள் கரைந்து போயிற்று.

தெரிந்துவிட்டது... எப்படியோ இவனுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா சொன்னது சரிதான். எழுந்து போய்விட்டான்.

வீடு வந்து அழுதாள். தன் அழுகையிலும் பாதிதான் தனக்குக் கேட்கிறது என்பது அன்றுதான் உறைத்தது.

* * *

நஜீர் பாயிடமிருந்து அழைப்பு வந்தபோது போக மனமில்லாமல்தான் போனாள். கறுப்புப் பெட்டி மேஜை மேல் இருந்தது.

"உனுக்கே குடுத்துடச் சொல்லிட்டுப் போய்ட்டான்மா. இன்னா ஆச்சு உங்க ரெண்டு பேருக்கும்? அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்க முடில. ஊட்ல பேசிட்டு வந்து உன்னாண்ட ஆசையா கேட்டானாம்... நீ வேணாம்னுட்டியாமே?"

"நானா? அவர் எப்போ பாய் கேட்டாரு?"

"ஃபோன்லதான்... பேசி அனுப்புனானாமே!"

ஃபோனை எடுத்தாள். பாயிடம் நீட்டினாள். தாலி, வாக்கு, வீம்பு எல்லாம் அந்த நொடியில் உதிர்ந்தன.

"பாய்... இதுல என்ன இருக்குன்னு கேட்டு எனக்குச் சொல்றீங்களா? எனக்கு... எனக்குக் காது சரியாக் கேக்காது பாய்."

நஜீர் பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் முகம் கனிந்துகொண்டே போனது. ஒரு வாக்கியம் கேட்பார், நிறுத்துவார், அவள் முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொல்வார். சொந்த மகளிடம் பேசுவது போலக் கூச்சம் வேறு.

"'வல்லி, மழை பெய்யுது... உங்க ஞாபகமாவே கீது'ன்றான்... 'எங்கம்மாவாண்ட உங்களப் பத்திச் சொல்லிட்டேன், கூட்டியான்னு சொன்னாங்க'ன்றான்... அப்பால..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "'நீங்க உள்ள எதையோ மூடி வெச்சிகினு கீறீங்க. அது எதுவா இருந்தாலும் சரி, என்னாண்ட மட்டும் திறந்து காட்டுவீங்களா... என்னக் கட்டிக்குவீங்களா'ன்றான்மா."

நாகவல்லி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

*அது வேண்டாம். இப்படியே இருக்கட்டும்.*

"ஐயோ..." என்றாள்.

"அம்பத்தூர் ஸ்டேஷன்ல ஏறுவான். போம்மா, சீக்கிரம் போ," என்றார் நஜீர் பாய். கறுப்புப் பெட்டியை அவள் மறந்தே போனாள்.

* * *

வேலை விட்டுத் திரும்பும் கூட்டம். பிளாட்பாரக் கோடியில், ஒழுகும் கூரைக்குக் கீழே தனியாக நின்றிருந்தான். அவள் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"நீங்க அனுப்பினது எனக்குப் புரியவே இல்ல."

"பரவாயில்லங்க. அதான் சொல்லிட்டீங்களே..."

"புரியலன்னா... காதுல விழல கிரண். எனக்குக் காது போய்க்கிட்டு இருக்கு."

அவன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினான்.

"அன்னிக்குக் கடையில விசில் கேக்கல. பூந்தமல்லியில நீங்க கூப்பிட்டது கேக்கல. இந்த மழையில பாதிதான் எனக்குக் கேக்குது. நீங்க பாட்டத் திறக்கச் சொல்றீங்கன்னு நெனச்சுத்தான் அப்படி எழுதினேன்." மூச்சு வாங்கியது. "மெஷின் வெச்சாலும் கொஞ்ச காலம்தானாம். ஒருநாள் உங்க குரலும் போயிடும். கல்யாணம் ஆகுற வரைக்கும் சொல்லாதன்னு அம்மா சொன்னாங்க. என்னால முடியல. உங்கள எனக்கு அவ்ளோ பிடிச்சிருக்கு... ஏமாத்த முடியாத அளவுக்குப் பிடிச்சிருக்கு."

அவன் கண்கள் நிரம்பின. நிரம்பி வழிந்தன. அவள் பயந்ததைப் போல விட்டுப் போகவில்லை. பயப்படாதே, சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல வல்லி. பயமா இருக்கு."

"எனக்கும்தான்..."

"தனியாவா பயந்துக்கிட்டு இருந்தீங்க இத்தன நாளா?"

அந்த ஒரு கேள்வியில் அவள் உடைந்து போனாள். முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். அவன் தயங்கித் தயங்கி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகத்திலிருந்து விலக்கினான். அவன் உதடு அசைவது தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி பிளாட்பாரமே அதிர நுழைந்தது. பெட்டி பெட்டியாக... முடிவே இல்லாமல்...

அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவள் கையை விடவில்லை. கடைசிப் பெட்டி கடந்து, தண்டவாளம் அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு அவள் கண்ணுக்கு நேராகக் குனிந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"நீ எப்படி இருந்தாலும் எனக்கு நீதான் வேணும் வல்லி. நாளைக்கே உங்கம்மாவ வந்து பாக்குறேன்."

மழை தொம் தொம் என்று விழுந்துகொண்டிருந்தது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறாமல் அவளுக்குக் கேட்டுவிட்டது.

ஆனாலும் கன்னத்தைத் துடைக்காமல், அவனையே பார்த்தபடி...

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.